மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படம்

நம் பத்திரிகையின் விளம்பர முகப்பில் இனி நீங்கள் இருவரும் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். ரசீது எழுதுவது, சொற்களை எண்ணுவது, பெட்டி எண் கொடுப்பது எல்லாம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அவற்றை நான் எழுதப் போவதில்லை. வரும் மாதம் எனக்கு இரண்டாவது பிரசவம். அதன் பிறகு வேலைக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சரியான முடிவுதானா என்று தினமும் மூன்று முறையாவது யோசிக்கிறேன், அது வேறு விஷயம். ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது.

முகப்பு மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஏன் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்று நேற்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். துடைக்க வசதியாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை அதுவல்ல. அங்கே ஒரு படம் இருந்தது. என் மகனின் படம்.

அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. சிராங்கூன் சாலையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அவன் ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்பதால் நான் பக்கத்தில் அமர்ந்து அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வேலைக்கு வரும்போது அவனை எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் தளத்திலிருந்த ஓர் அக்காவிடம் விட்டு வருவேன். பகல் முழுக்க அவன் நினைவாகவே இருக்கும். அதனால்தான் அந்தப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

அந்த நாட்களில்தான் பிலோமினா அக்கா விளம்பரம் கொடுக்க வந்தார். முப்பத்தெட்டு வயது. ஜூரோங்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. பல வருடங்கள் படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் வயது போனது தெரியவில்லை. அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு சின்னத் தாளில் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: கத்தோலிக்கப் பெண், வயது முப்பத்தெட்டு, நல்ல குணமுள்ள மணமகன் தேவை.

“இது போதுமா தங்கச்சி? யாராச்சும் எழுதுவாங்களா?” என்று கேட்டார்.

போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் திருத்திக் கொடுத்த விளம்பரங்களுக்கு நிறைய பதில் வரும். அவரிடம் கேள்வி கேட்டுக் கேட்டு நானே எழுதினேன். பெற்றோர் இல்லை என்று சேர்த்தேன். வேறு பொறுப்புகள் இல்லை என்று சேர்த்தேன். பூன் லேயில் சொந்த அடுக்குமாடி வீடு என்று சேர்த்தேன். “புள்ளைங்கன்னா பிடிக்குமாக்கா?” என்று கேட்டதற்கு அவர் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். உடனே கடைசி வரியையும் போட்டேன்: மனைவியை இழந்தவர், குழந்தை உள்ளவர் எனினும் சம்மதம்.

இந்த வரிகளை இப்போது மெதுவாகப் படித்துப் பாருங்கள். இந்தப் பெண்ணைக் கேட்க யாரும் இல்லை, இவரிடம் வீடு இருக்கிறது, ஒரு குழந்தையைக் காட்டினால் வந்துவிடுவார் என்று ஊருக்கே எழுதிப் போட்டிருக்கிறேன். அன்று எனக்கு அது தெரியவில்லை. பதில்கள் வந்து குவியப்போகின்றன என்று சந்தோஷமாக இருந்தேன்.

பதில்கள் வந்தன. மணமக்கள் பகுதியில் பெயரும் முகவரியும் போடுவதில்லை என்பதும், பதில்கள் நம் அலுவலகத்துக்கு வந்து நாம் அவற்றைப் பிரிக்காமல் உரியவரிடம் கொடுக்கிறோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். “உறைக்குள்ள இருக்கறது நம்ம சொத்து இல்ல” என்று நம் மேலாளர் உங்களிடமும் சொல்லியிருப்பார். பிலோமினா அக்கா சனிக்கிழமை தோறும் வந்து வாங்கிப் போவார். நாலைந்து வாரத்தில் மற்றவர்கள் எழுதுவது நின்று ஒருவருடைய கடிதம் மட்டும் தொடர்ந்து வந்தது. வழக்கமாக இந்த நிலையில் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். அக்கா கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி பேசுவார்கள் என்று சொல்லி, பெட்டி எண்ணையே மாதம் மாதம் புதுப்பித்துக்கொண்டார்.

அவரிடம் மாற்றம் தெரிந்தது. முகத்தில் லேசாகப் பவுடர். ஒருநாள் காதில் புதுத் தோடு. நான் சீண்டுவேன்.

“என்னக்கா, மாப்பிள்ளை என்ன எழுதியிருக்கார்?”

“சும்மா இரு தங்கச்சி. கப்பல்ல என்ஜினியர். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தேன்.

அந்தக் கடிதங்களைக் கொண்டுவந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் குடை, பக்கத்தில் வந்தால் தைல வாசனை. புதன்கிழமைகளில் வந்து மூன்று நான்கு உறைகளைக் கொடுப்பார். துறைமுகத்துப் பக்கம் வேலை என்றும், கப்பலில் இருக்கும் தமிழ்ப் பையன்கள் எழுதித் தருவதைத் தபால்தலை செலவில்லாமல் தானே கொண்டுவந்து சேர்ப்பதாகவும் சொல்லியிருந்தார். உறைகளின்மேல் பெட்டி எண் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கும். அதையும் ஒருமுறை கேட்டேன். “உறைமேல நான்தான் எழுதுறேன் தங்கச்சி, அவனுங்க எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், புதன்கிழமையை நான் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன். இந்த அலுவலகத்தில் என் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர் கேட்பார். “பையனுக்குச் சளி விட்டுச்சா?” “ராத்திரி தூங்கவிட்டானா?” லிஃப்ட் கதவு திறந்ததும் அவன் “பஸ், பஸ்” என்று கத்துவதைச் சொன்னேன். என் காதுமடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான் என்பதைச் சொன்னேன். பகலில் அவன் யாரிடம் இருக்கிறான், எந்தத் தளம் என்பதைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஒருநாள் படத்தைப் பார்க்கக் கேட்டார். கண்ணாடியைத் தூக்கி எடுத்துக் கையில் கொடுத்தேன். அதற்குள் தொலைபேசி அடித்தது. பேசி முடித்துத் திரும்பியபோது அவர் போயிருந்தார். மாலையில்தான் படம் இல்லை என்று கவனித்தேன். மேசைக்கடியில், குப்பைக்கூடையில் எல்லாம் தேடினேன். அவர் திருப்பித் தந்தாரா, நான்தான் எங்காவது வைத்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அடுத்த புதன் அவரைக் கேட்க வாயெடுத்துவிட்டுக் கேட்காமல் விட்டேன். நல்ல மனிதரைத் திருடன் என்று நினைத்த மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலை நேரத்தில், பிலோமினா அக்கா புதுப் புடவையில் வந்து நின்றார்.

“பெட்டி எண்ணை மூடிடு தங்கச்சி. இனிமே வேணாம்.”

“என்னக்கா, கல்யாணமா?”

அவர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் சிரம்பான் போகிறாராம். மாப்பிள்ளை கப்பலிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவாராம். அவருடைய அண்ணன் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்வாராம். நகைகளையும் வீட்டுப் பத்திரத்தையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாராம்.

“வீட்டுப் பத்திரம் எதுக்குக்கா?”

“கல்யாணம் ஆனதும் ரெண்டு பேர் பேர்லயும் மாத்தணுமாம்.”

“உங்க கோயில்ல சொல்லிட்டீங்களா?”

அவர் முகம் ஒரு கணம் வாடியது. “அதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. கல்யாணம்னா எங்க கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்றதுக்கு. ஆனா அங்க இருக்கற சாமியார் அவருக்குச் சித்தப்பாவாம். அங்கேயே வாசிச்சாச்சாம். இங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம், கண்ணு படும்னு எழுதியிருக்கார்.”

எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் நான் என்ன சொல்ல முடியும்? என் வேலை உறையைக் கொடுப்பதோடு முடிந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தில் சந்தேகம் கிளப்ப நான் யார்? அப்படி யோசித்துக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தேன். அக்கா அதற்குள் கைப்பையைத் திறந்துவிட்டார்.

“உனக்கு மட்டும் காட்டறேன். அவரோட மகன். தாயில்லாப் புள்ள. லிஃப்ட்டைப் பார்த்தா பஸ்ஸுன்னு கத்துவானாம்.”

மேசைமேல் வைத்தார். என் மகன்.

படத்தின் ஒரு பக்கம் கத்தரிக்கப்பட்டிருந்தது. என் முகம் இல்லை, தோள் இல்லை. அவன் இடுப்பைச் சுற்றிய என் கை மட்டும் முழங்கை வரை இருந்தது.

“இது அவங்கம்மா கை” என்றார் அக்கா மெதுவாக. “சாகறதுக்கு முன்னாடி எடுத்ததாம்.”

இரண்டு யானை முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும் வளையல் ஒன்று எனக்கு உண்டு. கல்யாணத்துக்கு அம்மா போட்டது, கழற்றுவதில்லை. நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். என் இடது கையை எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அக்கா படத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஏதோ நான் அவரிடமிருந்து திருடிவிட்டதுபோல், “இது யாரு புள்ள?” என்று கேட்டார்.

“என் புள்ளக்கா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். நான் தொலைபேசியைத்தான் எடுத்தேன். மூன்றாம் தளத்து அக்கா எடுக்கும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது.

“பையன் எங்கக்கா?”

“தூங்குறான் லா. இப்பதான் கஞ்சி குடிச்சான். எதுக்கு இப்படிக் கத்துறே?”

“யாராவது வந்தாங்களா? வெள்ளைச் சட்டை, குடை வச்ச ஆளு?”

“யாரும் வரல. என்னாச்சு உனக்கு?”

“கதவைப் பூட்டிடுங்க. யார் வந்தாலும் திறக்காதீங்க. நான் அனுப்பினேன்னு சொன்னாலும் திறக்காதீங்க.”

மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படம் கொடுத்ததையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. உரியவர்கள் வாங்கிப் போவதற்காகத் தட்டில் இருந்த உறைகளில் அதே கையெழுத்து எத்தனை இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். வேறு இரண்டு பெட்டி எண்களுக்கு இருந்தன. இரண்டுமே பெண்களுடையவை. இரண்டு விளம்பரங்களையும் நான்தான் திருத்தி எழுதியிருந்தேன். மேலாளர் அந்த உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிரிக்கவில்லை. காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தார்.

சாதாரண உடையில் ஒரு தமிழ் அதிகாரி வந்தார். அக்காவிடம் இருந்த கடிதங்களைப் படித்தார். பிறகு என்னையும் அக்காவையும் பார்த்துச் சொன்னார்: “அந்த ஆள் பேரு, விலாசம் எதுவும் நம்மகிட்ட இல்ல. முகம் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும்தான். நாளைக்குப் புதன்கிழமை உறையோட வந்தான்னு பிடிச்சா எதையும் நிரூபிக்க முடியாது, நீங்க முகப்புல உட்காராதீங்க. வெள்ளிக்கிழமை இவங்க பையோட போய் உட்காரணும். நீங்க தள்ளி உட்கார்ந்து, அவன் வந்தா எழுந்து நிக்கணும். அது போதும்.”

“நான் வரலேன்னா?” என்று கேட்டேன். கேட்டது நான்தான், அக்கா இல்லை.

“அவன் வேற விளம்பரத்தைப் படிப்பான்” என்றார்.

அந்த மூன்று நாளும் என் வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு பையனோடு இருந்தார். நான் லிஃப்ட்டில் தனியாக ஏறவில்லை. அவன் “பஸ், பஸ்” என்று கத்தினால் வாயைப் பொத்தினேன். பிள்ளை பயந்துபோய் அழுதான்.

வெள்ளிக்கிழமை காலை ரயில் நிலையத்தில் கூட்டம். பிலோமினா அக்கா பெட்டி ஒன்றில் பழைய செய்தித்தாள்களை அடைத்துக்கொண்டு வந்து, சொன்னபடி கடிகாரத்துக்குக் கீழே இருந்த பலகையில் அமர்ந்தார். பெட்டியின்மேல் ஒரு துணிப்பை. நான் ஒரு தூணை ஒட்டி அமர்ந்திருந்தேன். அதிகாரியும் இன்னொருவரும் தேநீர்க் கடையில் நின்றார்கள்.

அவர் வந்தார். அதே சட்டை, அதே குடை. கூட்டத்தில் யாரையும் இடிக்காமல், வழிவிட்டு, மரியாதையாக நடந்து வந்தார். நான் எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நான் எழவில்லை. எழுந்தால் என்னைப் பார்ப்பார். பார்த்தால் என் வீடு தெரியும், தளம் தெரியும், பிள்ளை தெரியும். ஒருவேளை இவர் உண்மையிலேயே கடிதம் கொண்டுவருபவர் மட்டும்தானோ என்றுகூட அந்த நேரத்தில் என் மனம் சமாதானம் தேடியது.

“பிலோமினாதானேம்மா? தம்பி சொன்னான். குடுங்க, பெட்டிய நான் பிடிச்சுக்கறேன். நீங்க போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க, ரயிலுக்கு நேரம் இருக்கு.”

பெட்டியும் பையும் அவர் கைக்குப் போய்விட்டன. நான் இன்னும் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அக்கா கேட்டார். அதிகாரி சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை அது.

“புள்ள எப்படி இருக்கான்?”

“ரவியா? ஜம்முனு இருக்கான். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“எனக்கு எழுதினப்ப ஜோசப்புன்னு எழுதியிருந்தீங்க” என்றார் அக்கா. பிறகு தலையைத் திருப்பி, நிலையமே கேட்கும்படி, “தங்கச்சி, எந்திரி!” என்றார்.

எழுந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் பதற்றம் இல்லை. புதன்கிழமைச் சிரிப்பு.

“அட, நீங்களா தங்கச்சி! பையனை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?”

என் வாய் பதில் சொல்லத் திறந்தது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். அவர் யார் என்று தெரிந்த பிறகும், அத்தனை பயத்திலும், அன்பாகக் கேட்ட ஒரே காரணத்துக்காக என் வாய் திறந்துவிட்டது. முகப்பில் உட்காரும் நமக்கு யார் கேட்டாலும் பதில் சொல்லிப் பழக்கம். அதற்குள் அதிகாரி அவர் தோளில் கை வைத்துவிட்டார்.

பிடிபட்டவரின் அறையில் என்ன கிடைத்தது, எத்தனை கடிதம், எத்தனை பெண்கள் என்பதெல்லாம் முழுதாக எனக்குச் சொல்லப்படவில்லை. மற்ற இரண்டு பெட்டி எண்களுக்கும் மேலாளர் என்னையே தொலைபேசி செய்யச் சொன்னார். ஒருவர் நன்றி சொன்னார். காத்தோங்கில் இருந்தவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “குழந்தைன்னு ஒண்ணு கிடையாதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். அவரிடமிருந்து ஏற்கெனவே என்ன போயிருந்தது என்று தெரியாது. சாட்சி சொல்ல அவர் வரவில்லை.

அதன்பிறகு நான் எந்த விளம்பரத்திலும் தனியாக இருப்பவர், பெற்றோர் இல்லாதவர், சொந்த வீடு என்று எழுத விடுவதில்லை. பதில் குறைவாக வரும் என்று சண்டை போடுவார்கள். போடட்டும். நீங்களும் விடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் கெட்டவன் ஒருவன் படிக்கிறான் என்று நினைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கண்ணாடிக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம்.

அன்று காவல் நிலையத்தில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். பழைய செய்தித்தாள்கள். பிறகு மேலிருந்த துணிப்பை. அதற்குள் நீலக் கட்டம் போட்ட ஒரு சின்னச் சட்டை. அதிகாரி அக்காவைப் பார்த்தார்.

“இது எதுக்கும்மா? வெறும் பேப்பர் மட்டும் போதும்னுதானே சொன்னேன்.”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒருவேளை புள்ளைன்னு ஒருத்தன் இருந்திட்டா, வெறுங்கையோட போகக் கூடாதேன்னு.”

என் கையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகும் எடுத்து வந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் அந்தச் சட்டையை என்னிடம் நீட்டினார். வாங்க எனக்குப் பயமாக இருந்தது. வாங்காமல் இருக்கவும் முடியவில்லை.

“அளவு போட்டோவப் பார்த்து எடுத்தது. சரியாத்தான் இருக்கும்” என்றார். பிறகு சட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியை விரலால் நீவிக் காட்டினார். நான்கு விரல் அகலம் இருந்தது. “வளர்ற புள்ளையில்லையா. அடுத்த வருஷம் இதைப் பிரிச்சு விட்டா இன்னொரு வருஷம் போடலாம்.”